முதற்பொன்னும் எழுதிய சொல்லும்

குடியேறிய முதல் நாளிலேயே கருவூலம் நிறைந்த அரசு உலகில் எங்கும் இருந்ததில்லை. காடு திருத்தி, கழனி கண்டு, கழனி விளைந்து, விளைந்தது சந்தைக்கு வந்து, சந்தை வரியாக மாறி அரசனின் பேழையை அடைவதற்குள் ஆண்டுகள் பல கழிந்துவிடும். அதுவரை காவலனுக்குக் கூலி எங்கிருந்து வரும்? ஏரிக்குக் கரை எவ்வாறு எழும்? இளமையான அரசுகள் பல பகைவனின் வாளால் வீழ்வதற்கு முன்பே பேழையின் வெறுமையால் வீழ்ந்திருக்கின்றன.

இந்த வெறுமையை நிரப்பப் பழையோர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, அயலான் பொருளை வாளால் கவர்வது. மற்றொன்று, அயலானுக்கு வேண்டியதை அறிந்து, அதனைச் சொல்லால் விற்பது. சாமம், தானம், பேதம், தண்டம் என உபாயங்களை நான்காக வகுத்தவர்கள் சாமத்தை முதலிலும் தண்டத்தைக் கடையிலும் வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தூதுக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அதனைப் பொருட்பாலிலேயே அமைத்தார். நாவின் நயம் நாட்டின் செல்வத்தோடு தொடர்புடையது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அந்தப் பழைய பாடத்தை இன்றைய இளைஞர் கணினித் திரையில் படிக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு வரிசை வீட்டின் முன்னறையில் அப்படியொரு வகுப்பு நாள்தோறும் மாலையில் நடந்துகொண்டிருந்தது. மாணவன் நான்காம் படிவத்தில் பயிலும் சிறுவன். அதே அறையின் சாய்வு நாற்காலியில் நாளிதழோடு அமர்ந்திருப்பவர் அவனுடைய தாத்தா. தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர். வரலாறு என்றால் அவருக்கு உயிர். கணினி விளையாட்டு என்றாலோ கண் கெடுவதற்கும் காலம் கெடுவதற்கும் உரிய கருவி.

ஒருநாள் திரையில் ஒரு சிறு நகரையும் அதன் பக்கத்தில் பொற்காசுகளின் கணக்கையும் அவர் கண்டார். நகரில் வயல் இல்லை, சந்தை இல்லை, துறைமுகமும் இல்லை. ஆயினும் காசு ஏறிக்கொண்டே இருந்தது.

"இந்தப் பொன் எங்கிருந்து வருகிறது, தம்பி?" என்று கேட்டார்.

"பேசி வாங்கினேன், தாத்தா" என்றான் சிறுவன்.

அந்த ஒரு விடை முதியவரின் கையிலிருந்த நாளிதழை மடிக்க வைத்தது.

அவன் ஆடியது 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டு. சிட் மையர் என்பவரின் பெயரோடு 1991இல் முதன்முதல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்ட வியூக விளையாட்டு அது. ஆடுபவன் ஒரு குடியின் தலைவன். அவனைச் சூழக் கணினியே நடத்தும் வேற்றரசர்கள் பலர். சுற்றுக்குச் சுற்று ஊர்கள் வளரும், கலைகள் பெருகும், போர்களும் மூளும். சிறுவன் ஆடியது 2010இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, அதன் பின் வந்த விரிவாக்கங்களுடன்.

அதில் வறிய தலைவனுக்குப் பேச்சால் வரும் வருவாய் பலவகை. வழியில் ஒரு நகர அரசை மற்றெவர்க்கும் முன்னே சென்று கண்டால் 30 பொன் பரிசு. மற்றவர்க்குப் பின்னே சென்றால் 15. எழுத்துக்கலையைக் கற்றபின், தன் தலைநகரில் தூதரகம் அமைக்கும் உரிமையை அயலரசனுக்குப் பொன்னுக்கு விற்கலாம். தன் நாட்டில் மிகுந்திருக்கும் பட்டையோ, முத்தையோ, நறுமணப் பொருளையோ நல்லுறவுடைய அரசனுக்கு அளித்தால், 30 சுற்றுகள் வரை சுற்றொன்றுக்கு 7 பொன் வரும். இருவரும் நட்பறிக்கை செய்துகொண்டிருந்தால் அதே பொருளுக்கு 240 பொன் ஒரே தவணையில் கிடைக்கும். முதற்காலத்தில் ஒரு நகர் தன் உழைப்பால் ஈட்டுவது சுற்றுக்கு ஒருசில பொன்னே. அந்நிலையில் 240 பொன் என்பது வானத்திலிருந்து இறங்கிய மழைக்கு ஒப்பானது. அதனைக்கொண்டு உழைப்பாளரை அமர்த்தலாம்; நகரைச் சூழ்ந்த காட்டைக் கழனியாக்கலாம்.

இந்த மொத்தத் தொகையின் பின்னே ஒரு கதை உண்டு. முன்னர் நட்பறிக்கை இல்லாமலும் மொத்தப் பொன்னைப் பெறலாம். கைநிறையப் பெற்றுக்கொண்டு, மாற்றாகச் சுற்றுதோறும் தருவதாகச் சொன்ன தவணையைத் தராமல், மறுசுற்றிலேயே போர் தொடுத்து உடன்படிக்கையை முறிக்கும் ஆட்டக்காரர்கள் இருந்தனர். 2013இல் வந்த விரிவாக்கம் அந்தக் கதவை அடைத்தது. நட்பை ஊரறியச் சொன்னவர்களிடையே மட்டுமே மொத்தப் பொன் கைமாறும் என்பது புதிய விதி. நம்பிக்கை இல்லாத இடத்தில் தவணை. நம்பிக்கை உள்ள இடத்தில் முழுத்தொகை. கடைத்தெருவில் கடன் கொடுப்பவர் என்றும் கடைப்பிடிக்கும் நெறி இது.

இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு விளக்கிய சிறுவன் அடுத்த சில நாள்களில் முகம் வாடி அமர்ந்திருந்தான். தோற்றுவிட்டான். தோல்வியின் காரணம் அவன் ஈட்டிய பொன்னிலேயே இருந்தது. அவன் நாட்டில் இரும்பு கிடைத்தது. படை திரட்டும் எண்ணம் அவனுக்கு இல்லை. வீணே கிடப்பதை விற்றால் என்ன என்று எல்லைக்கு அப்பாலிருந்த அரசனுக்கு இரும்பைத் தவணைப் பொன்னுக்கு விற்றான். வாங்கியவன் அதனை வாளாக்கி, வாளேந்திய வீரரை எல்லையில் நிறுத்தினான். போர் தொடங்கிய அக்கணமே உடன்படிக்கை அற்றுப்போயிற்று, தவணையும் நின்றது. சிறுவன் விற்ற இரும்பு சிறுவனின் வாயிலுக்கே திரும்பி வந்தது.

"பொன் வந்ததே, தாத்தா! கணக்குச் சரியாகத்தானே இருந்தது?" என்று அவன் ஆற்றாமையோடு கேட்டான்.

"கணக்குச் சரிதான், தம்பி. உன்னைப் போலவே கணக்குப் பார்த்த ஒருவர் இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறார்" என்றார் முதியவர்.

அவர் சொன்ன கதை பினாங்கு வாழ் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும் விளையாட்டின் ஒளியில் அது வேறொரு முகம் காட்டியது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெடா இரு வலியோர்க்கு நடுவே நின்ற சிறு நாடு. வடக்கே சயாம், அதற்கப்பால் பர்மா. மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த மரங்களைச் சயாமுக்கு அனுப்பும் வழக்கம் கெடாவுக்கு இருந்தது. 'பூங்கா மாஸ்', அதாவது பொற்பூ, என்று மலாய் மொழியில் அதற்குப் பெயர். அமைதிக்காகச் செலுத்தப்பட்ட விலை அது. அவ்விலை எந்நாளும் போதுமா என்ற அச்சம் கெடா அரசரை விட்டு நீங்கவில்லை.

சுல்தான் அப்துல்லாவிடம் அயலார் விரும்பும் ஒரு பொருள் இருந்தது. அதுவே பினாங்குத் தீவு. வங்கக் கடலுக்கும் சீனத்துக்கும் இடையே ஓடிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்கு ஒரு தங்குதுறை தேவைப்பட்டது. வணிகர் பிரான்சிஸ் லைட் நடுவே நின்று பேசினார். தீவைத் தருவதால் குறையும் வணிக வருவாய்க்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளியும், பகைவர் வந்தால் படைத்துணையும் சுல்தான் கேட்டார். இவ்விரண்டில் அவருக்கு உயிரானது பின்னது.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் தீவில் ஆங்கிலக் கொடி ஏறியது. படைத்துணை பற்றிய உறுதிமொழி அப்போது இருவரும் ஒப்பிய எழுத்தாக முடிந்திருக்கவில்லை. பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டிருந்தது. மறுபுறம் காடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னர்க் கல்கத்தாவிலிருந்த கம்பெனி ஆட்சி சயாமோடு பகை கொள்ள விரும்பாமல் படைத்துணைக்கு இணங்க மறுத்தது. தீவைத் திரும்பப் பெறச் சுல்தான் பிறை ஆற்றுப் பக்கம் படை திரட்டினார். 1791இல் லைட்டின் படை அதனைக் கலைத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்றது. கெடாவைக் காக்கும் கடமை அதில் இடம்பெறவில்லை.

1800இல் சுல்தான் ஜியாவுதீன் காலத்தில், தீவுக்கு எதிரேயுள்ள கரைநிலமும் கைமாறியது. தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. அந்நிலப்பட்டைக்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்டனர். புதிய உடன்படிக்கையில் காப்போம் என்ற சொல் இருந்தது. ஆனால் காக்கப்படுவது கம்பெனி பெற்றுக்கொண்ட கரை! கெடாவின் எஞ்சிய நிலத்துக்கு அச்சொல் நீளவில்லை. பின்னாளில் அம்மாநிலத்தின் எல்லை கிழக்கே விரிந்தது. இன்று செபராங் பிறை என வழங்கும் அந்தப் பெருநிலப்பகுதியிலேதான் புக்கிட் மெர்தாஜாம் இருக்கிறது.

1821இல் சுல்தான் அஞ்சியது நிகழ்ந்தது. சயாமியப் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் தம் முன்னோர் விட்டுக்கொடுத்த அதே பினாங்குத் தீவில் அடைக்கலம் தேடினார். குடிமக்கள் ஆயிரக்கணக்கில் எல்லை கடந்து வெல்லெஸ்லி மாநிலத்துக்குள் வந்து சேர்ந்தனர். 1826இல் பாங்காக்கில் ஆங்கிலேயர் செய்துகொண்ட பர்னி உடன்படிக்கை கெடா மீது சயாமின் பிடியை ஏற்றுக்கொண்டது. சுல்தான் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். அவர் தம் அரியணையை மீண்டும் கண்டது 1842இல். நாடு இழந்த ஆண்டுகள் இருபதுக்கும் மேல்.

"அப்படியென்றால் சுல்தான் ஏமாந்துவிட்டாரா, தாத்தா?"

ஆசிரியர் உடனே விடை சொல்லவில்லை. வலியோர் நடுவே நின்ற ஒருவரை அறிவிலி எனக் கூறுவது வரலாறு படித்தவனுக்கு எளிது. நெருக்கடியில் நின்றவர்க்கன்றோ அதன் வெம்மை தெரியும்! பிறகு மெல்லச் சொன்னார்: "கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டார். விடை வருவதற்கு முன் தீவு கைமாறிவிட்டது."

விளையாட்டுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. திரையில் உடன்படிக்கையின் இரு பக்கமும் ஒரே நொடியில் நிறைவேறும். பொருள் போகும், பொன் வரும். ஒருவன் தவணையை மறந்தான் என்று மற்றவன் வழக்காட வேண்டியதில்லை. நிரலே நடுவராக இருந்து காக்கிறது. போர் ஒன்றே அதனை முறிக்கும். உலகில் அத்தகைய நடுவர் இல்லை. எழுத்து இருந்தால் எழுத்து. அதற்குப் பின்னே எழுத்தைக் காக்கும் வலிமை. இவ்விரண்டும் இல்லாதபோது கொடுத்தவனின் நினைவு ஒன்றே எஞ்சும். கெடாவுக்கு வெள்ளி வந்தது; வெள்ளி எதற்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் பாதுகாப்பு வரவில்லை.

ஆதலால் தூதால் வரும் பொன்னே தீது என்று முடிவு கட்டுதல் தகுமா? தகாது. அதற்கும் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் பழைய எழுத்துகள் பொறித்த பாறை ஒன்று இருக்கிறது. செரோக் தோக்குன் கல் என்பது அதன் பெயர். 1845இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பல்லவர் காலத்தை ஒட்டிய இந்திய எழுத்துமுறையைச் சார்ந்தவை அவ்வெழுத்துகள். ஆண்டுதோறும் ஜூலைத் திருவிழாவில் மெழுகுவத்தி ஏந்திப் பல்லாயிரவர் கூடும் அந்த மலையடிவாரம், ஆங்கிலேயர் வருகைக்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த உறவுகளை அறிந்திருந்தது என்பதற்கு அக்கல் ஒரு சாட்சி.

கெடா என்பது தமிழர் ஏடுகளிலும் செப்பேடுகளிலும் கடாரம் என வழங்கிய நாடு. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரத்தை எழுப்பத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்துக்கு வழங்கினான். லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஆவணம் இதனைக் கூறுகிறது. கடாரத்து அரசன் சோழர் துறைமுகத்தில் கோயில் எழுப்பியதில் பக்தி இருந்தது. அத்துறைக்கு வந்து போகும் தன் நாட்டு வணிகரின் நலமும் இருந்திருத்தல் கூடும்.

அந்த நட்பும் என்றைக்கும் நிற்கவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1025இல், இராசேந்திரனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 1090ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசனின் தூதர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, விகாரத்துக்குரிய ஊர்களின் வரிவிலக்கை மீண்டும் உறுதி செய்து செப்பேட்டில் எழுதி வாங்கினர். வாள் கொண்டுபோனது ஒருநாள் பொருள். எழுத்தில் நின்ற உரிமையோ போர் ஓய்ந்து இரு தலைமுறை கடந்தபின்னும் கேட்டுப் பெறத்தக்கதாக இருந்தது. செப்பில் எழுதி வாங்கியவர்கள் காரணம் அறிந்தே வாங்கியிருக்கிறார்கள்.

சிறுவன் மறுபடியும் ஆடினான். இம்முறை இரும்பை விற்கவில்லை. எல்லையில் இருப்பவனுக்குப் பட்டும், கடலுக்கு அப்பால் இருப்பவர்க்கு முத்தும் விற்றான். ஒருவனிடமே எல்லாம் விற்காமல், மூவரிடமிருந்து தவணை வருமாறு செய்தான். வந்த முதற்பொன்னில் உழைப்பாளரையும், மதிலுக்கு வேண்டிய வில்லாளரையும் அமர்த்தினான். முப்பது சுற்றுகள் முடிந்து தவணைகள் நின்றபோது அவன் நகருக்கே கழனியும் சந்தையும் இருந்தன. இரவல் நீரில் நட்ட நாற்று சொந்தக் கிணறு தோண்டும்வரை வாடாமல் இருந்தது.

"விற்கிற பொருள் நமக்கே எதிராகத் திரும்புமா? வாங்குகிறவன் சொல் தவறினால் யாரிடம் கேட்பது? இந்தப் பொன் நின்றுபோன மறுநாள் நாம் எப்படி வாழ்வோம்? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் இப்போது கையெழுத்துப் போடுகிறேன், தாத்தா" என்றான். முதியவர் சிரித்தார். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய ஆண்டுகளும் பெயர்களும் இப்படியொரு கேள்வித்தாளாகத் திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

அந்தக் கேள்வித்தாள் விரைவிலேயே வீட்டுக்கும் பயன்பட்டது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால், முதியவரின் தந்தையார் தோட்ட வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலத்துண்டு ஒன்று இருந்தது. நான்கு தென்னை, சில வாழை. மழைக்காலத்தில் அங்கே தேங்கும் நீர் அடுக்களை வரை வரும். வணிகர் ஒருவர் தம் சரக்குகளை வைக்க அந்நிலத்தை வாடகைக்குக் கேட்டார். மாத வாடகை தாராளமானது, முன்பணமும் உண்டு. "வடிகால் நானே வெட்டித் தருகிறேன், ஐயா. அது என் பொறுப்பு" என்றும் சொன்னார். ஓய்வூதியத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்த வாடகை பெருந்துணை. வீட்டில் அனைவரும் மகிழ்ந்தனர்.

வாடகைத்தாளைப் படித்த சிறுவன் ஒன்று கேட்டான்: "வடிகால் இதில் எங்கே இருக்கிறது, தாத்தா?"

எங்கும் இல்லை. தொகை இருந்தது, தேதி இருந்தது, நிலத்தின் அளவும் இருந்தது. குடும்பத்துக்கு உயிரான ஒன்று மட்டும் வாய்ச்சொல்லாக நின்றது. முதியவர் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். மறுநாள் வணிகரிடம் சென்று, வடிகாலையும் எழுத வேண்டும், சரக்கு இறங்குமுன் அது வெட்டி முடிய வேண்டும் என்று பணிவாகச் சொன்னார். எழுத்தில் ஏறியதும் வடிகாலுக்கு விலையும் ஏறியது. வாடகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் வணிகர். குறைந்த தொகைக்கே முதியவர் கையெழுத்திட்டார். வீட்டில் சிலருக்கு அதில் மனக்குறை உண்டு. மாதந்தோறும் கைக்கு வரும் வெள்ளி குறைந்தது மெய்யே. அவ்வாண்டு மழையில் அடுக்களை நனையாததும் மெய்யே.

1800இல் எழுதிய 10,000 என்னும் எண் கம்பெனி ஆட்சியையும், அதன்பின் வந்த ஆங்கிலப் பேரரசையும், ஜப்பானியர் ஆண்ட காலத்தையும் கடந்து, விடுதலை பெற்ற மலேசியாவிலும் ஆண்டுதோறும் கெடாவுக்குச் செலுத்தப்படும் தொகையாகத் தொடர்ந்தது. 2018 முதல் அது ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தொகை போதுமா, இன்னும் வேண்டுமா என்ற பேச்சு அரசியல் மேடைகளில் அதன் பின்னும் எழுந்ததுண்டு. எழுதிய ஒன்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்துகொண்டிருக்கிறது. எழுதாமல் விட்ட படைத்துணை 1821இல் ஒரே படையெடுப்பில் மடிந்தது.

முதற்பொன் இனியது. வறியவன் கையில் அது மேலும் இனியது. அதைத் தேடி நாவால் உழுவதில் இழிவில்லை. இளைய அரசுக்கும் எளிய குடும்பத்துக்கும் அது தக்க தொழிலே. ஆனால் காசை எண்ணும் விரல், கைமாறும் தாளின் ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தனக்கு உயிரானது எந்த வரியில் இருக்கிறது என்று கண்டபின் இடுகிற கையெழுத்தே கையெழுத்து.